புன்னைக்கு நங்கூரம்

கார்த்திகை மாதத்துப் புயல் வலம்புரித்துறையைக் கடந்து போன மறுநாள், கடற்கரையில் நின்ற பெரிய புன்னைமரம் கிழக்கே கடலைப் பார்த்து ஒரு முழம் சாய்ந்திருந்தது; மரம் சாய்ந்த அளவுக்கு ஊரும் சாய்ந்திருந்தது. குடத்துத் தண்ணீர் ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டும் மறுபக்கம் நாலு விரல் இறங்கியும் நிற்பதைப் பெண்கள் முதலில் பார்த்தார்கள், பிறகு அடுக்கிலிருந்த சட்டிகள் எல்லாம் கிழக்குச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள், பிறகு கோழிகள் இட்ட முட்டைகள் தெருவின் கிழக்கு முனையில் உருண்டு குவிந்து கிடப்பதைக் கண்டு எது யார் வீட்டு முட்டை என்று கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள். ஆண்கள் யாரும் எதையும் கவனிக்கவில்லை. படகில் ஆடி ஆடி நடந்து பழகிய கால்களுக்குத் தரை சாய்ந்தால் என்ன, நேராக இருந்தால் என்ன? புயல் தணிந்து தொழிலுக்குப் போனபோதுதான், கடலிலிருந்து திரும்பிப் பார்த்த விசைப்படகு டிரைவர் தொம்மை, கோயில் கோபுரமும் வீடுகளும் தென்னைகளும் எல்லாம் புன்னையோடு சேர்ந்து ஒரே பக்கமாக, ஒரே அளவாக, ஏதோ சொல்ல வந்ததுபோல் கடலை நோக்கிக் குனிந்து நிற்பதைக் கண்டு, "ஏலே, ஊர் நம்மளத் தேடி வருதுல" என்றான்.

ஊர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. கட்டில்களின் கிழக்குக் கால்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தார்கள். கஸ்பார் டீக்கடையில் முக்கால் கிளாஸ் டீதான் முழு கிளாஸ் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். மாதா கோயில் பங்குச்சாமியார் பூசையில் ஒரு கையால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே மறு கையால் பக்கம் புரட்டப் பழகினார். பிள்ளைகள் கிரிக்கெட்டில் கிழக்கே அடிக்கிற ரன் செல்லாது என்று சட்டம் போட்டார்கள். பெண் பார்க்க வெளியூரிலிருந்து வந்தவர்கள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டு, பெண் பிடித்திருக்கிறது, கல்யாணம் மட்டும் எங்கள் ஊரில் வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊர்க்காரர்கள் உடம்பைக் கொஞ்சம் மேற்கே, கரைப் பக்கம் சரித்து நடக்கக் கற்றுக்கொண்டார்கள். அப்படி நடப்பதே அவர்களுக்கு அழகாகவும் இருந்தது.

இந்தச் சாய்வால் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் இன்னாசி. அவன் ஒரு காலத்தில் அந்தக் கரையிலேயே பேர் போன சங்குகுளிகாரன். ஒருநாள் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உடம்பு மரத்துப்போய், பல வருஷமாகக் கட்டிலில் கிடந்தான். அன்றிலிருந்து யாரையும் அறைக்குள் விடவில்லை. கூடவே கடலில் இறங்கிய தொம்மையைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பினான். மனைவி பனிமயம் மட்டும்தான் போக வர இருந்தாள். புன்னைமரத்தடியில் கருவாடு காயவைத்து, கூடையில் சுமந்து விற்று, அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, புண் வராமல் புரட்டிப் போட்டு, அந்த வீட்டை அவள்தான் நடத்தினாள். வீட்டு வாசல் கிழக்கே பார்த்தது. ஆனால் எதிரே ஒரு மணல்மேடு கடலை மறைத்துக்கொண்டு நின்றது. புயலுக்குப் பிறகு ஊர் சாய்ந்ததில் அந்த மேடு தாழ்ந்து, அதன் தலைக்கு மேலே ஒரு கோடு எழும்பியது.

"ஏட்டி பனிமயம், இங்க வா. கடல் தெரியுது."

அவள் ஈரக்கையோடு வந்து கட்டில் தலைமாட்டில் குனிந்து பார்த்தாள். நூல் மாதிரி நீலமாக, கடல்தான். இவ்வளவு வருஷமும் காதால் மட்டும் கேட்டுக் கிடந்தவன், கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கட்டில் நழுவாதபடி வலைக்கயிற்றால் அதை மேற்குச் சன்னல் கம்பியோடு இழுத்துக் கட்டினாள்.

மரம் அந்தச் சாய்வோடு நிற்கவில்லை. புயலில் கடல் அதன் கிழக்கு வேருக்கடியில் இருந்த மணலை அள்ளிப்போயிருந்தது. மேற்கு வேர்கள் மண்ணைக் கீறிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தன. மரம் குனியக் குனிய ஊரும் குனிந்தது. இன்னாசியின் வாசலில் கடல் நூலிலிருந்து விரலாகவும், விரலிலிருந்து சாணாகவும் உயர்ந்தது. செங்கல் முட்டுகள் போதாமல் ஆயின. கரையேற்றி வைத்த வள்ளங்கள் தானாகவே கடலுக்குள் இறங்கிப் போயின. சுவர்கள் விரிந்தன. முதலில் கைக்குழந்தை வைத்திருந்தவர்கள், பிறகு சொந்தக்காரர் வீடு உள்ளவர்கள் என்று ஊர் எல்லைக்கு அப்பால் பஸ் நிற்கிற சமதரைக்குப் பெட்டி படுக்கையோடு நடந்தார்கள். எல்லையைத் தாண்டியதும் நேராக நிற்கத் தெரியாமல் தடுமாறி, திரும்பி ஊரைப் பார்த்து அழுதார்கள்.

தாலுகாவிலிருந்து அதிகாரி ஒருவர் மரம் அறுக்கிற ஆட்களோடு வந்தார். கூடவே அங்கயற்கண்ணி என்கிற இளம் எஞ்சினியரும் வந்தாள். மரத்தை எடுத்துவிட்டால் சாய்வதற்கு மரமே இருக்காது, ஊர் தப்பிக்கும் என்பது அதிகாரியின் கணக்கு. கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. கிழக்குப் பக்கத்துக் கொம்பு ஒன்றை அறுத்தார்கள். அது மண்ணில் விழுந்த அதே நொடியில் ஊர் முழுக்க ஒரு குலுங்கு குலுங்கி, கோயில் மணி தானாக அடித்தது, கிழக்குத் தெருவில் ஒரு வரிசை ஓடுகள் சரசரவென்று சரிந்தன. அங்கயற்கண்ணி ஓடிப்போய் ரம்பம் வைத்திருந்தவன் கையைப் பிடித்தாள்.

"வெட்டாதீங்க. மரம் விழுந்தா ஊரும் விழும். கட்டித்தான் நிறுத்தணும்."

"கட்டி நிறுத்த முடியுமாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"முயற்சி பண்ணிப் பாத்தாத்தான் தெரியும் சார். மண்ணு மோசம். ஆனா இவங்ககிட்ட கம்பி இருக்கு, கை இருக்கு."

அன்று சாயங்காலம் கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. போய்விடுவோம், அரசாங்கம் இடம் கொடுக்கும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். கஸ்பார், "கெளம்புறதுன்னா இப்பவே கெளம்பணும், டீக்கடைய நான் எத்தனை தடவைதான் மேட்டுக்கு இழுப்பேன்" என்றான். அப்போது பனிமயம் எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

"நீங்க எல்லாம் போயிருவீங்க. எம் புருசன் வரமாட்டாரு. அவரு அந்த ரூமை விட்டு நகரமாட்டாருன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அவரை விட்டுட்டு நான் போகமாட்டேன். அதனால நான் மரத்தைக் கட்டப் போறேன். ஒத்தையா முடியாது, அதுவும் தெரியும். வாறவங்க வாங்க."

சொல்லிவிட்டு உட்காராமல் நேரே படகுத்துறைக்கு நடந்தாள். படகு படகாக ஏறி, வலை இழுக்கிற விஞ்சில் ஓடித் தேய்ந்து ஒதுக்கிவைத்த இரும்பு வடங்களைக் கேட்டாள். தொம்மை தன் படகில் ஓடிக்கொண்டிருந்த புது வடத்தையே கழற்றிக் கொடுத்தான். அதைப் பார்த்து அடுத்தவன் கொடுத்தான். இருட்டுவதற்குள் மரத்தடியில் வடங்கள் மலைப்பாம்புகளைப்போல் சுருண்டு கிடந்தன.

அங்கயற்கண்ணி சொன்னபடி, தண்டில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில், பட்டை வெட்டுப்படாமல் இருக்கப் பழைய லாரி டயர்களைச் சுற்றி, அதன்மேல் வடத்தை மாட்டினார்கள். மறுமுனைகளை மேற்கே இழுத்துவந்து, ஊரிலிருந்த பெரிய நங்கூரங்களில் கோர்த்து மணலில் ஆழமாகப் புதைத்தார்கள். கடல் அள்ளிப்போன பள்ளத்தில் மணல்மூட்டையும் கல்லும் நிரப்பினார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து வடங்களை முறுக்கினார்கள். கொஞ்ச நேரம் மரம் யோசித்ததுபோல் நின்றது. பிறகு மணல் பொருமியது. நங்கூரங்கள் ஒவ்வொன்றாக, ஏர் உழுவதுபோல் மண்ணைக் கிழித்துக்கொண்டு கிழக்கே நகர்ந்தன. மரம் ஒரே மூச்சில் ஒரு ஆள் உயரம் குனிந்தது. டீக்கடை, கருவாட்டுப் பந்தல், பங்குச்சாமியாரின் மோட்டார் சைக்கிள் எல்லாம் சரிந்து கடலோரத்தில் போய் நின்றன.

அங்கயற்கண்ணி மணலில் உட்கார்ந்துவிட்டாள். "என் தப்பு. இந்த மண்ணு புடிக்கும்னு நெனச்சேன்."

"எங்களுக்கும் அப்படித்தான் தோணிச்சு," என்றான் தொம்மை. "மண்ணுக்கு ஒரு சேதியும் தெரியாது. பாறை வேணும்."

பாறை எங்கே இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஊரில் கிணறு தோண்ட முடியாத இடம் ஒன்றே ஒன்று. எல்லாரும் பனிமயத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பாறை அவள் வீட்டுக்கடியில் இருந்தது. மரத்துக்கு நேர் மேற்கே, வடம் வந்து சேர வேண்டிய கோட்டில், இன்னாசியின் கட்டில் கிடந்தது.

வீட்டுக்குள் அவர்கள் இருவரும் பேசியதை வெளியே நின்ற ஊர் முழுக்கக் கேட்டது, கதவு ஏற்கனவே கழன்று விழுந்திருந்ததால்.

"கோயில் மண்டபத்துல உங்களுக்கு இடம் போட்டுருக்கு. ரெண்டு நாள்தான்."

"நான் எழும்பமாட்டேன்."

"மரம் விழப்போகுதுங்க."

"விழட்டுமே. விழுந்தா கடல் எங்கிட்ட வரும். எனக்கு வேற என்ன வேணும் சொல்லு. எத்தனை வருசம் கழிச்சிப் பாக்கேன். இதையும் புடுங்கணுமா?"

பனிமயம் கட்டில் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அழாமல், சத்தம் போடாமல் சொன்னாள்.

"நீங்க கடலைப் பாக்கீங்க. நான் உங்க கட்டிலைக் கட்டியிருக்க கயித்தைப் பாக்கேன். தினம் ஒரு பிரி அறுந்துட்டு வருது. நேத்து ராத்திரி எல்லாம் அதை என் கையில சுத்திட்டுத்தான் கெடந்தேன். உங்களுக்குத் தெரியாது, நீங்க தூங்கிட்டீங்க. கயிறு போனா நீங்க கடலுக்குப் போவீங்க, சரி. நான் எங்க போறது?"

இன்னாசி தலையைத் திருப்பிக் கயிற்றைப் பார்த்தான். பிறகு அவள் உள்ளங்கையைப் பிடித்து விரித்து அதில் கன்றியிருந்த சிவப்புத் தடத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்:

"ஏலே தொம்மை! கடப்பாரையை எடுத்துட்டு உள்ள வா. நான் இங்கதான் கெடப்பேன். என்னைச் சுத்தித் தோண்டுங்க."

தொம்மை உள்ளே வந்தான். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தரையையே பார்த்தான்.

"என்னல, காலுதானே போச்சு. முகம் அப்படியேதான் இருக்கு, நிமிந்து பாரு," என்றான் இன்னாசி. தொம்மை நிமிர்ந்து பார்த்தான். "மச்சான், தாடி நரைச்சிட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட்டில் காலடியில் முதல் குத்துக் குத்தினான்.

தரையை உடைத்து, மணலை வாரி, பாறையைத் துளைத்து, கட்டைவிரல் பருமனுள்ள கம்பிகளை உள்ளே இறக்கி, சிமெண்டு ஊற்றி, மேலே ஒரு இரும்பு வளையத்தை நிறுத்தினார்கள். வடம் வர, வாசலுக்கு மேலே சுவரை உடைத்தார்கள். ஆனால் சிமெண்டு இறுக நேரம் வேண்டும்; அதுவரை மரம் காத்திருக்காது. அப்போதுதான் ஊர் அதைச் செய்தது. எல்லையில் போய் இருந்தவர்களையும் கூப்பிட்டு, மரத்தில் கட்டிய எல்லாக் கயிற்றையும், நைலான், தேங்காய்நார், கிணற்றுக்கயிறு, கட்டில்கயிறு என்று கையில் கிடைத்த எல்லாவற்றையும், ஆணும் பெண்ணும் பிடித்து மேற்கே குதிகாலை ஊன்றிச் சாய்ந்து நின்றார்கள். பகலெல்லாம் மழை பெய்தது, அவர்கள் நின்றார்கள். ஒரு கூட்டம் கஞ்சி குடிக்கப் போனால் அடுத்த கூட்டம் அதே பிடியில் கைவைத்தது. வலை இழுக்கிற பாட்டை ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்தார்கள். பங்குச்சாமியார் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கஸ்பாருக்குப் பின்னால் நின்று இழுத்தார். அங்கயற்கண்ணி உள்ளங்கை உரிந்த பிறகு கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டாள். யார் காலடியிலும் மண் நிற்கவில்லை. வழுக்கினார்கள், விழுந்தார்கள், எழுந்து மறுபடி பிடித்தார்கள். மரம் அவர்களைக் கொஞ்சம் இழுத்தது, அவர்கள் மரத்தைக் கொஞ்சம் இழுத்தார்கள், அன்றும் மறுநாளும் புன்னை ஒரு விரற்கடைகூடக் குனியவில்லை.

சிமெண்டு இறுகியதும் வளையத்தில், கைச்சங்கிலியால் பாரம் இழுக்கிற செயின் பிளாக்கை மாட்டி வடத்தைக் கோர்த்தார்கள். சங்கிலி கட்டிலுக்கு நேர் மேலே தொங்கியது. அந்தச் சாய்ந்த அறையில் நின்றுகொண்டு இழுக்க யாருக்கும் கால் ஊன்றவில்லை. தொம்மை முயன்றான், சறுக்கிக் கட்டில்மேல் விழுந்தான்.

"வெலகுல," என்றான் இன்னாசி. இரண்டு கையாலும் சங்கிலியைப் பற்றினான். கடலடியில் பாரம் கட்டி இறங்கி ஏறிய கைகள் அவை; கால்கள் செய்யாத வேலையையும் சேர்த்து இத்தனை வருஷம் செய்து முறுக்கேறிய கைகள். கடகடவென்று சங்கிலி ஓடியது. வடம் தரையைவிட்டு எழுந்து, நீரை உதறி, நேராகி, விண்ணென்று ஒரு ஒலி எழுப்பியது. வெளியே எல்லாரும் கயிற்றை விட்டார்கள். மரம் நின்றது.

எல்லாரும் இருந்த இடத்திலேயே மழையில் உட்கார்ந்தார்கள், சிலர் படுத்தே விட்டார்கள்.

"இனிமேல் நிமித்தணும்," என்றாள் அங்கயற்கண்ணி. "ஆனா வேகமா இழுத்தா மிச்ச வேரும் அறுந்துரும். தினம் கொஞ்சம். சங்கிலியில ஒரு கண்ணி, ரெண்டு கண்ணி. வேருக்கு மண்ணை அணைச்சுக்கிட்டே வரணும். யாரு செய்வா?"

"நான்தான் இங்கயே கெடக்கேனே," என்றான் இன்னாசி.

அப்படித்தான் நடந்தது. விடிந்ததும் அவன் சங்கிலியை இழுப்பான்; ஊர் ஒரு மயிரிழை நிமிரும். மணலணைக்கிறவர்கள் எவ்வளவு இழுத்தாய் என்று கேட்க வருவார்கள். பிடிமானம் பார்க்க அங்கயற்கண்ணி வருவாள். வடத்துக்கு கிரீஸ் போட ஒருவன், சும்மா பார்க்க ஒன்பது பேர், டீ கொண்டு கஸ்பார். பல வருஷம் யாரும் மிதிக்காத அந்த அறையில் உட்கார இடமில்லாமல் ஆனது. முதலில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்ட இன்னாசி, பிறகு பதில் சொன்னான், பிறகு திட்டினான், பிறகு ஒருநாள் ஆள் வரத் தாமதமானபோது, "எங்கட்டி போனானுவ எல்லாரும்?" என்று பனிமயத்திடம் கேட்டான்.

வெளியேறிப்போன குடும்பங்கள் திரும்பி வந்தன. கட்டில் காலுக்கடியிலிருந்து செங்கல்லை ஒவ்வொன்றாக உருவினார்கள். ஆனால் மரம் நிமிர நிமிர, வாசலில் கடல் இறங்கியது. சாண் விரலானது. விரல் நூலானது. அவன் பார்த்துக்கொண்டேதான் இழுத்தான். தன் கையாலேயே, கண்ணி கண்ணியாக, கடலை மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தான். அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை, பனிமயத்துக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. தலைமாட்டில் குனிந்து அவளும் தினம் பார்த்தாள்.

கடைசிக் கண்ணிக்கு முந்திய காலையில் அவள் சங்கிலியின்மேல் கை வைத்தாள்.

"போதுங்க. விட்ருங்க. இவ்வளவு சாய்வு யாருக்கும் தெரியாது. அங்கயற்கண்ணிகிட்ட நான் கேட்டுட்டேன், மரத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டா. உங்களுக்காக இருக்கட்டும்."

இன்னாசி வெளியே பார்த்தான். மேட்டின் தலையில் நீலக்கோடு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லிசாக, நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் புன்னை புதிதாக ஒரு கிளை முழுக்கப் பூத்திருந்தது.

"எனக்காக ஊர் கோணலா நிக்கணுமாட்டி?"

"நின்னா என்ன? இத்தனை நாள் நின்னுதே."

"கையை எடு."

அவள் எடுக்கவில்லை. அவன் அவள் கையோடு சேர்த்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். ஒரே ஒரு கண்ணி கட்டென்று விழுந்தது. வடம் ஒருமுறை முனகிற்று. மரம் நேரானது, ஊர் நேரானது, வாசலில் மணல்மேடும் புன்னையும் மேலே வானமும் மட்டும் இருந்தன.

இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பனிமயம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கஞ்சி எடுக்கத் திரும்பினாள்.

"கஞ்சி கெடக்கட்டும்," என்றான் இன்னாசி. "தொம்மையக் கூப்பிடு. கட்டிலைத் தூக்க நாலு பேரு வேணும்னு சொல்லு."

அவள் நின்றாள். "எங்க?"

"எங்கயா? கடலுக்குத்தான். அது இங்க வராதுன்னா நாம போகணும்லா."

நாலு பேர் கேட்டதற்குப் பத்துப் பேர் வந்தார்கள். தொம்மை தலைமாட்டைத் தூக்கினான். பனிமயம் பக்கவாட்டில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருவில் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள், கஸ்பார் மட்டும் கையிலிருந்த டீயை வைத்துவிட்டு ஓடிவந்து தோள் கொடுத்தான். ஆனால் தூக்கினவர்கள் எல்லாரும் பழக்கத்தில் மேற்கே சரிந்தே நடந்ததால், கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இன்னாசி விளிம்புக்கு உருண்டான். அவன் ஒரு கையால் பனிமயத்தின் தோளைப் பற்றிக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினான்:

"நேரா நடங்கல! ஊர் நிமிந்துட்டு!"